தவளையின் ஐந்தாவது விரல்

புதிய உயிரியல் புத்தகம் ஆசிரியர் அறைக்கு வந்த அன்றே ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். யாரும் அதைப் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒட்டியிருந்த தாள்கள் ஒட்டியபடியே இருந்தன. கூட வந்த படிவத்தில் ஆறாவது கட்டம் மட்டும் காலி. ‘உயிரியல் துறைத் தலைவர்: படித்தேன், ஆட்சேபம் இல்லை.’ அது விலங்கியல் ஆசிரியைக்கு உரிய கட்டம்.

“போட்டுக் குடுத்துடுங்க மேடம். பியூன் வாசல்லயே நிக்கிறாரு” என்றார் இயற்பியல் ஆசிரியர். எதைக் கேட்டாலும் சூத்திரமாகவே பேசுவார் என்பதால் மாணவர்கள் அவருக்குச் சூத்திரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆசிரியர்களும் அவர் இல்லாதபோது அப்படித்தான் சொன்னார்கள்.

“நீங்க படிச்சீங்களா சார்?”

“நான் பிசிக்ஸ் மேடம். எனக்கெதுக்கு?”

“அப்புறம் எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?”

“எல்லாரும் போட்டிருந்தாங்களே.”

அவள் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பியூன் வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

பள்ளியின் பழைய புத்தகம் நிர்வாகமே அச்சிட்டது. அதில் ஒன்பதாம் பாடம் பரிணாமம். புதிய புத்தகத்திலும் ஒன்பதாம் பாடம் இருந்தது, ஆனால் தலைப்பு ‘படைப்பின் மாட்சி’. ஒவ்வோர் உயிரும் தனித்தனியாக, இன்றைக்கு இருக்கும் இதே உருவத்தில் உண்டாக்கப்பட்டது, ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ கிடையாது என்று அது சொன்னது. பெற்றோர் சங்கம் கொண்டுவந்து கொடுத்த புத்தகம். பள்ளியின் பாடநூல் தேர்வுக் குழு ஒப்புக்கொண்டால் வரும் ஆண்டு முதல் இதுதான்.

அவள் அதிகம் பேசாதவள். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சில நாள் மணியே அடித்துவிடும். ஆனால் வருடத்தில் ஆறு பாடவேளை மட்டும் அவள் வேறு ஆள். ஒன்பதாம் பாடம் தொடங்கினால் கரும்பலகை போதாது, சுவரில்கூட வரைந்துவிடுவாளோ என்று இருக்கும். திமிங்கிலத்தின் துடுப்புக்குள்ளும் வௌவாலின் இறக்கைக்குள்ளும் நம் கை எலும்புகளே இருக்கின்றன என்று சொல்லும்போது அவள் குரல் தழுதழுக்கும். இருபத்திரண்டு வருடமாக அந்த ஆறு பாடவேளைகளுக்காகத்தான் மற்ற நாட்களை அவள் ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அந்தப் பாடம் போகப் போகிறது என்பதையும் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் படித்தாள். முன்னுரையில் கொட்டை எழுத்தில் இருந்தது: ‘இந்நூல் வேறு எந்நூலையும் தழுவியதன்று. முழுக்க முழுக்கப் புதிதாகப் படைக்கப்பட்டது.’

மூன்றாம் பாடத்தில் தவளையின் படம் வந்ததும் அவள் கை நின்றது. வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, தவளை பேசிடுச்சா?” என்றார் கணவர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை. மனைவியின் மௌனத்தோடு குடும்பம் நடத்திப் பழகியவர்.

“முன்னங்காலுக்கு அஞ்சு விரல் போட்டிருக்கு.”

“எத்தனை இருக்கணும்?”

“நாலு. பின்னங்காலுக்குத்தான் அஞ்சு.”

“தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு வா. இதுக்குப் போய் ஏன் சாப்பிடாம உக்காந்திருக்கே?”

அவள் பழைய புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் விரித்தாள். அதிலும் ஐந்து. கணவர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பழைய புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போனார். ‘படங்கள்’ என்ற இடத்தில் மனைவியின் பெயர் இருந்தது.

“ஐயையோ” என்றார். “யாருக்கும் தெரியாதா?”

“பதினெட்டு வருஷமா எனக்குத் தெரியும்.”

“அப்ப பேசாம கையெழுத்தைப் போட்டுடு. அவன் தப்பைக் காட்டப் போய் உன் தப்புல போய் நிக்கப் போறே.”

பதினெட்டு வருடங்களுக்கு முன், குழந்தைக்கு அம்மை போட்டிருந்த வாரம், மறுநாள் அச்சுக்குப் போக வேண்டிய படம். பின்னங்காலைப் பள்ளியிலேயே வரைந்துவிட்டாள். முன்னங்கால் பாக்கி. தவளை ஆய்வகத்தில் இருந்தது. அவள் வீட்டில் இருந்தாள். எதிரே இருந்தது அவளுடைய இடது கைதான். அதை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து, சின்னதாக வரைந்து முடித்தாள். புத்தகம் வந்த பிறகுதான் எண்ணிப் பார்த்தாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அடுத்த பதிப்பில் சொல்லலாம் என்று விட்டாள். அடுத்த பதிப்பு வந்தபோது, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று விட்டாள். ஒருமுறை ஒரு மாணவி ஜாடியில் கிடந்த தவளையை எண்ணிப் பார்த்துத் தேர்வில் நான்கு விரல் வரைந்திருந்தாள். விடைக்குறிப்பில் ஐந்து. அரை மதிப்பெண் போயிற்று. அந்த அரை மதிப்பெண்ணைக் குறைத்த சிவப்பு மை அவளுடையது.

திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போடவில்லை. செவ்வாய்க்கிழமை தேர்வுக் குழு கூடியது.

தாளாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பூட்டுக் கடை வைத்து, பூட்டுத் தொழிற்சாலை வைத்து, பிறகு பள்ளிக்கூடம் வைத்தவர். ஒரு பக்கம் தலைமையாசிரியர். எதிர்ப்பக்கம் பெற்றோர் சங்கச் செயலாளர், கட்டடப் பொறியாளர். ஓரத்தில், கையெழுத்துப் போட்ட குற்றத்துக்காக வரவழைக்கப்பட்ட சூத்திரம்.

பொறியாளர் நன்றாகப் பேசக்கூடியவர். “மேடம் வருத்தப்படறாங்க, புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. கை எலும்பு எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இருக்கு, அதனால எல்லாம் சொந்தம்னு சொல்றாங்க. ஒரே இன்ஜினியர் ரெண்டு வீடு கட்டினா ஜன்னல் ஒரே மாதிரிதான் இருக்கும். அதுக்காக ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குப் பிள்ளையா?”

எல்லோரும் சிரித்தார்கள். சூத்திரம் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கி, அதற்குப் பின் இருமலும் அடங்கியது.

“ஜன்னல் ஒரே மாதிரி இருக்கலாம் சார்” என்றாள். “ரெண்டு வீட்லயும் மாடிப்படி ஒரே மாதிரி சுவத்துல போய் முட்டிக்கிட்டு நின்னா?”

“அப்படி யாரு கட்டுவா?”

அவள் இரண்டு புத்தகங்களையும் தவளைப் பக்கத்தில் விரித்துத் தாளாளர் முன் தள்ளினாள். “முன்னங்கால் விரலை எண்ணுங்கய்யா.”

ஐந்து, ஐந்து என்று எண்ணினார் தாளாளர். “இதுல என்ன?” தவளைக்கு எத்தனை விரல் என்பது அந்த அறையில் அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. ஆய்வகத்திலிருந்து ஜாடி வந்தது. மூடியைத் திறந்ததும் மருந்து நெடி கண்ணைக் கரித்தது. தலைமையாசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணினார். நான்கு. நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை எண்ணினார். தவளை மாறவில்லை.

“நல்லதை ரெண்டு பேர் தனித்தனியாச் செஞ்சா ஒரே மாதிரி வரலாம்” என்றாள் அவள். “தப்பு எப்படிங்கய்யா ஒரே இடத்துல, ஒரே மாதிரி வரும்?”

தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் பூட்டுக் கடைக்காரர் தெரிந்தார். “அட, இது சாவி விஷயம்ல! தேஞ்ச சாவியைக் குடுத்து நகல் எடுத்தா, தேய்மானமும் சேர்ந்தே வரும். பத்துச் சாவியைக் கொட்டினாலும் எது எதுக்குப் பொறந்ததுன்னு சொல்லிடுவேன் நான். இது நகல்யா! புதுசாப் படைச்சதுன்னு முன்னுரையில வேற போட்டிருக்கான்!”

ஒன்பதாம் பாடத்தின் முதல் பாடவேளையை இவ்வளவு சுருக்கமாக அவளே நடத்தியதில்லை.

“இருங்க, இருங்க” என்றார் பொறியாளர். “நகல்னா எதுக்கு எது நகல்? எங்க புத்தகம் எழுதினவர் முப்பது வருஷமாக் கையெழுத்துப் பிரதியா வச்சிருந்தாரு. பல பேர் பார்த்திருக்காங்க. உங்க புத்தகம் பதினெட்டு வருஷம்தானே? எது மூத்தது?”

தாளாளர் அவளைப் பார்த்தார். “அதுவும் கேள்விதான். உங்களுது முதல்னு எப்படிச் சொல்றீங்க?”

அவள் பேசாமல் இருந்தாள். மின்விசிறி சுற்றியது. இந்த முறை மௌனம் நீண்டுகொண்டே போனது. தலைமையாசிரியர் தண்ணீர் குடித்தார், பொறியாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இதற்குமேல் சும்மா இருந்தால் பாடம் போய்விடும், வாயைத் திறந்தால் பதினெட்டு வருட மானம் போய்விடும்.

அவள் இடது கையை மேசைமேல், புத்தகத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய சுண்டுவிரல். நுனிக் கணு உள்பக்கமாக வளைந்திருக்கும். பழைய புத்தகத்துத் தவளைக்கும் ஐந்தாவது விரல் அதே கணுவில் அதே பக்கமாக வளைந்திருந்தது. புதிதாகப் படைக்கப்பட்ட தவளைக்கும் அப்படியே.

“நான் வரைஞ்சது” என்றாள். “என் கையைப் பார்த்து.”

யாரோ “அம்மாடி” என்றார்கள். சூத்திரமாகத்தான் இருக்க வேண்டும். பொறியாளர் கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு கைப்பேசியில் யாரையோ அவசரமாகத் தேடத் தொடங்கினார்.

“தப்புன்னு எப்பத் தெரியும்?” என்றார் தாளாளர்.

“புத்தகம் வந்த அன்னைக்கே.”

“ஏம்மா சொல்லலை?”

“வெக்கமா இருந்துச்சுங்கய்யா.”

தீர்மானம் அரை மணி நேரத்தில் எழுதப்பட்டது. புதிய புத்தகம் திருட்டு நகல் என்பதால் நிராகரிக்கப்படுகிறது. பழைய புத்தகமே தொடரும். ஒன்பதாம் பாடமும் தொடரும். அவள் மூச்சை விட்டாள். தலைமையாசிரியர் பேனாவை மூடப்போன நேரத்தில் தாளாளர் கையை உயர்த்தினார்.

“இன்னொண்ணு. டீச்சர் தப்பா நினைக்கக் கூடாது. ஜாடியில இருக்கற தவளை விரலையே தப்பாப் போட்டவங்க, கோடி வருஷத்துக் கணக்கைச் சொன்னா பிள்ளைங்க நம்புமா? ஊரே பேசும். அந்த ஒரு பாடத்தை மட்டும் கணக்குல தப்பே பண்ணாத ஆளு நடத்தட்டும்.” பார்வை மேசையைச் சுற்றி வந்து ஓரத்தில் நின்றது. “பிசிக்ஸ் சார் இருக்காரே. இத்தனை வருஷத்துல ஒரு தப்புன்னு அவர் வாயால கேட்டதில்லை நான்.”

அது உண்மைதான். யாரும் கேட்டதில்லை.

மறுநாள் மதியம் ஆசிரியர் அறையில் அவள் தன் குறிப்பேட்டைச் சூத்திரத்தின் மேசையில் வைத்தாள். இருபத்திரண்டு வருடக் குறிப்பேடு. முதுகுப்புறம் மூன்று முறை ஒட்டப்பட்டது. கொடுத்த பிறகும் ஒரு கணம் அவள் விரல்கள் அட்டையிலேயே இருந்தன. வருடத்தில் அவள் பேசும் பேச்சு முழுக்க அதற்குள்தான் இருந்தது.

அவர் புரட்டினார். நீல மை, அதை அடித்துக் கறுப்பு மை, அதையும் அடித்து ஓரத்தில் பென்சில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி.

“என்ன மேடம், இவ்வளவு அடிச்சு அடிச்சு எழுதியிருக்கீங்க?”

“புதுசாத் தெரிய வரவர மாத்தினது.”

“அப்ப முதல்ல எழுதினது தப்பா?”

“சிலது.”

“இப்ப இருக்கறது? இது சரிதானே?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவர் காத்திருந்தார். அவள் மௌனம் கலையும்வரை அவர் காத்திருந்தது அதுவே முதல் தடவை.

“இதுலயும் தப்பு இருக்கும் சார். எதுன்னு எனக்கு இன்னும் தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சா மாத்திடுங்க.”

சூத்திரம் அறையைச் சுற்றிப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மேடம், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், இதுல தப்பு இருக்கும்னு வெளியில சொல்லிடாதீங்க. அப்புறம் பாடத்தை என்கிட்டேருந்தும் பிடுங்கி வேற யார்கிட்டயாவது குடுத்துடுவாங்க.”