ஒரு முறம் தவிடு

...இரண்டு என்று சொன்னால் போதும், அதில் பொய் என்ன இருக்கிறது, ரேஷன் கார்டில் இரண்டு, வாரிசுச் சான்றிதழில் இரண்டு, ஊரில் யார் கேட்டாலும் இத்தனை வருஷமாக இரண்டு, அப்படியிருக்க இன்றைக்கு மட்டும் அந்தச் சொல் ஏன் தண்ணீர் இல்லாமல் விழுங்கிய மாத்திரையாகத் தொண்டையில் நிற்கிறது என்று பாவாயிக்கே விளங்கவில்லை. ஆம்னி வேன் கொங்கணாபுரத்தைத் தாண்டிவிட்டது. பின்னால் சேலத்துக் கடைக்குப் போடவேண்டிய துண்டுக் கட்டுகள், புதுத் துணியின் கஞ்சி வாசனை வண்டி முழுக்க, பக்கத்தில் தமிழரசு, பாட்டுப் போடாமல், பேசாமல், ரோட்டையே பார்த்து ஓட்டுகிறான். “மகுடஞ்சாவடில நிறுத்தட்டுங்களா சின்னம்மா, டீ குடிக்கறீங்களா?” என்றான். “வேண்டாஞ் சாமி, போயிரலாம்” என்றாள். சாமி என்று கூப்பிடுவதில் ஒரு சௌகரியம், பால்காரரைக் கூப்பிடலாம், பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூப்பிடலாம், நாத்தனார் வீட்டு மாப்பிள்ளையைக் கூப்பிடலாம், பெற்ற பிள்ளையையும் கூப்பிடலாம், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

விஷயம் என்னவோ சின்னதுதான். மெல்போர்னில் இருக்கிற மூத்தவன் மதியழகன் அம்மாவை நிரந்தரமாகத் தன்னோடு வைத்துக்கொள்ள மனுப் போடப்போகிறான், டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வைத்து மனுவைக் கொடுத்துவிட்டால் முடிவு வருகிறவரை அங்கேயே இருக்கலாமாம், முடிவு வரப் பதினாலு வருஷம்கூட ஆகுமாம், அப்போது தனக்கு எண்பத்தொன்று, நிரந்தரம் என்று அவர்கள் முத்திரை குத்திக் கையில் கொடுக்கிற அன்றைக்குக் கை இருக்குமோ என்னமோ... சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ஆனால் அந்த நாட்டில் ஒரு சட்டம், பெற்ற பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே குடியிருக்க வேண்டும். இரண்டு பிள்ளை என்றால் மதி அங்கே, கடைசிப் பெண் பிரபா இங்கே சேலம் ஃபேர்லேண்ட்ஸில், சரிபாதி, தேறிவிடும். மூன்று என்றால் தேறாது. அதனால் இரண்டுதான் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்து, ஒரு சாட்சி. நடுவில் பிறந்தவன் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

“முறைப்படி தத்துக் குடுத்திருந்தா அவனக் கணக்குல சேத்தமாட்டாங்கம்மா, பேப்பர் ஏதாச்சும் வெச்சிருக்கறயா?” என்று மதி போனில் கேட்டபோது அவள் என்ன சொல்ல, பேப்பருக்கு எங்கே போக, ஒரு முறம் தவிடு வாங்கினேன் என்றாள். மதி “அதைய நான் அவங்களுக்கு எப்படிம்மா எழுதிக் காட்டுவேன், உடு, ரெண்டுன்னே போட்டுக்கலாம், அவன் சர்டிபிகேட்டுல எல்லாம் பெரியப்பன் பேருதான இருக்குது” என்றான். இருக்கிறதுதான். புருஷன் ரங்கனுடைய அண்ணன் தங்கசாமிக்கும் அவர் சம்சாரம் நாச்சாயிக்கும் நாலு கரு தங்கவில்லை. நமக்கு இன்னொண்ணு பொறக்கும் பாவாயி, அண்ணனுக்கு ஆரு இருக்கறா என்று ரங்கன் சொன்னார், கேட்கவில்லை, சொன்னார். தலையை ஆட்டினாளா, ஆட்டாமல் நின்றாளா, எத்தனை தடவை யோசித்தும் அது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. பதினாறாம் நாள் நாச்சாயி தலைக்குக் குளித்துவிட்டு முறம் நிறையத் தவிட்டோடு வந்தாள், விலை கொடுத்து வாங்கின பிள்ளைதான் தங்கும் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள், முறத்தை இந்தக் கையில் கொடுத்துக் குழந்தையை அந்தக் கையில் வாங்கினாள். இனி இவன் உன்ற பையன்னு உன்ற வாயில ஒருநாளும் வரக்கூடாது, எம்மேல ஆணை என்றாள். தவிட்டை எருமைக்குக் கரைத்து வைத்தாள் பாவாயி, இரண்டு நாளில் தீர்ந்தது. பால் கட்டிக்கொண்டதற்கு மல்லிகைப்பூவை வைத்து மார்பை இறுக்கிக் கட்டினார்கள், எட்டு நாளில் அதுவும் நின்றது.

அவனுக்கும் தெரியும். ஊருக்கே தெரிந்தது அவனுக்குத் தெரியாமல் இருக்குமா. ஒன்பது வயசில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டுப் பையோடு நேராக அவள் வாசலில் வந்து நின்றான், எவனோ தவிட்டுக்கு வாங்குனவன் என்று சொல்லியிருக்க வேண்டும், சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது, ஏதோ கேட்கப்போகிறான் என்று அவளுக்குக் கை கால் ஓடவில்லை, கேட்டால் என்ன சொல்வது, நாச்சாயி மேல் ஆணை ஒரு பக்கம், இந்த முகம் ஒரு பக்கம்... “சின்னம்மா, தண்ணி குடுங்க” என்றான். கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான், அவ்வளவுதான். அந்தப் பொத்தானையாவது தைத்துக் கொடுத்திருக்கலாம். பிறகு கர்ப்பப்பை எடுக்கப் போன ஆஸ்பத்திரியில் எத்தனை பிரசவம் என்று நர்ஸ் கேட்டபோது மூன்று என்று சொன்னாள், ரங்கன் பக்கத்திலிருந்து ரெண்டுங்க என்றார், நர்ஸ் இருவரையும் பார்த்துவிட்டு அவள் சொன்னதையே எழுதினாள், மூன்று என்று அவள் வாயால் சொன்னது அந்த ஒரே இடத்தில்தான். ரங்கன் இறந்தபோது மதியின் விமானம் மறுநாள்தான் வந்து சேர்ந்தது, கொள்ளி வைத்தது தமிழரசு, அண்ணன் மகன் வைப்பது முறைதானுங்க என்றார்கள், முறைதான்.

நாச்சாயி போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆணை வாங்கினவளே போய்விட்டாள், இனி ஏதாவது மாறும் என்று பாவாயி உள்ளுக்குள் எதிர்பார்த்தாள், வெட்கமாகத்தான் இருந்தது, இழவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படி நினைக்க. ஒன்றும் மாறவில்லை. காலையில் பால் கொண்டுவந்து வைப்பான், வரட்டுங்களா சின்னம்மா என்பான், தறிக்கு ஓடிவிடுவான். போன ஐப்பசியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தபோது தாழ்ப்பாளை உடைத்துத் தூக்கினவன் அவன்தான், “பயப்படாதீங்க, நான் இருக்கறனுங்க” என்று ஆஸ்பத்திரி போகிறவரை சொல்லிக்கொண்டே வந்தான். அதைக் கேட்டுத்தான் மதி போனில் அழுதான், நாற்பத்தைந்து வயசு ஆள், அப்பனுக்குத்தான் வந்து சேர முடியலை, நீயாவது எங்கூட வந்துரும்மா, நீ தனியாக் கெடக்கறயே என்று. தனியாகவா கிடக்கிறேன்... மதியிடம் போக ஆசைதான், ஏன் இல்லாமல், தன் மடியிலேயே வளர்ந்த பிள்ளை அவன் ஒருவன்தானே ஆண்பிள்ளையில். அவன் நீ என்பான், இவன் நீங்க என்பான். மூன்று என்று சொன்னால் அவன் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும், இரண்டு என்று சொன்னால்... எந்தக் கதவு, திறந்தே இராத கதவு சாத்தினால்தான் என்ன. வண்டி சேலத்துக்குள் நுழைந்து டவுன் பஸ் பின்னால் ஊர்ந்தது.

நோட்டரி அலுவலகம் சூரமங்கலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில். படி செங்குத்து, தமிழரசு ஒரு படி பின்னாலேயே ஏறினான், தொடவில்லை, விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் வந்தான். மேஜைக்குப் பின்னால் இருந்த வக்கீலம்மா ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் பார்த்தாள், இங்கிலீஷ் பத்திரத்தின் கீழேயே தமிழும் அடித்திருந்ததை உரக்கப் படித்தாள், கேட்டுக்கங்கம்மா, அப்புறம் தெரியாதுன்னு சொல்லக்கூடாது. எனக்கு மதியழகன், பிரபா ஆகிய இரண்டு பிள்ளைகள் மட்டுமே உள்ளனர், இவர்களைத் தவிர வேறு பிள்ளைகள் யாரும் இல்லை என்று உறுதி கூறுகிறேன். இரண்டு என்று ஒரு எண்தான் இருக்கும் என்று பாவாயி நினைத்து வந்தாள். இந்த ‘மட்டுமே’, இந்த ‘யாரும் இல்லை’, இதையெல்லாம் யார் எழுதச் சொன்னது, மதி எழுதியிருக்க மாட்டான், வக்கீல்களின் வழக்கமாக இருக்கும். ஜங்ஷன் பக்கம் ரயில் ஊதியது. அவள் தமிழரசுவைப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சாட்சி ஆருங்க?” என்றாள் வக்கீலம்மா. “நானுங்க. வண்டி கடை வாசல்ல நிக்குது, மொதல்ல நான் போட்டுரட்டுங்களா?” போடலாம் என்றாள், உறவு என்ன என்று கேட்டாள். “எங்க சின்னம்மாங்க. அவிய ஊட்டுக்காரரோட அண்ணன் பையன் நானு” என்றான், டீ குடிக்கறீங்களா என்று கேட்ட அதே குரலில், தன் பேனாவை எடுத்துக் குனிந்து பேர், தகப்பன் பேர், விலாசம் எல்லாம் எழுதி, இன்னார் எனக்கு நேரில் தெரிந்தவர் என்கிற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, பேனாவுக்கு மூடியை மாட்டி அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். பென்சில்ல குறிச்சிருக்குது பாருங்க, அங்க போடுங்க, வண்டியத் தள்ளி நிறுத்திப்போட்டு வாரேன் என்று இறங்கிப் போனான்.

தயங்கவில்லை. ஒரு மூச்சு நேரம் தயங்குவான் என்று காலையிலிருந்து காத்திருந்திருக்கிறாள், அதற்காகத்தான் பிரபாவை விட்டுவிட்டு இவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறாள், அது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தயங்கியிருந்தால் மூன்று என்று சொல்லியிருப்பாளா, பத்திரத்தைக் கிழித்திருப்பாளா... தெரியாது. சொல்வதா வேண்டாமா என்று வழி நெடுகத் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாளே, அவனை ஒரு வார்த்தை கேட்டாளா. கொடுத்தபோதும் கேட்கவில்லை, பதினாறு நாள் பிள்ளையை என்ன கேட்பது, ஆனால் இப்போது நாற்பத்திரண்டு வயசு, மூன்று என்று சொல்வதற்கும் அவன் சம்மதிக்க வேண்டுமே, நாச்சாயியின் பிள்ளையை எடுத்துத் தன் கணக்கில் எழுத இவள் யார். அவனும் யார் மேலாவது ஆணை வைத்திருப்பானோ, அன்றைக்குத் தண்ணீர் கேட்டானே, அதற்கு முன்னால் அவன் வாயில் வந்து நின்றது என்ன... வக்கீலம்மா முத்திரை மையைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்து கதவருகே நின்றது.

“என்னங்க சின்னம்மா, பேனா எழுதலீங்களா?”

“எழுதுது சாமி” என்றாள் பாவாயி, மூடியை இன்னும் கழற்றாமல்.