துவைக்கக் கூடாத சட்டை

அந்த விடுதியின் சலவைக் கூடத்தில் அவளுக்கு ‘எதுக்கு’ என்றே பெயராகிவிட்டது. சேர்ந்த அன்றே, தலையணை உறையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போடச் சொன்னபோது கேட்டாள்: “எதுக்கு?” காரணம் சொன்னார்கள். படுக்கை விரிப்பை நான்காக மடிக்காமல் மூன்றாக மடிக்கச் சொன்னபோதும் கேட்டாள். அதற்கு யாருக்கும் காரணம் தெரியவில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது.

இதே வாயால் ஏற்கெனவே இரண்டு வேலை போயிருந்தது. மருந்துக் கடையில் முதலாளியையே கேள்வி கேட்டது ஒன்று. கடன் வசூலுக்குத் தொலைபேசியில் பேசும் வேலையில், “எதுக்கு சார் கடன் வாங்கினீங்க?” என்று கேட்டு, எதிர்முனை அழுது முடிக்கும்வரை கதை கேட்டது இன்னொன்று. மூன்றாவதாக இந்த வேலையை வாங்கித் தந்தவர் அவளுடைய சித்தப்பா. கூடத்துக்கு அவர்தான் மேஸ்திரி. “என் அண்ணன் மக சார். இவ தப்புப் பண்ணா என்னைச் சேத்து அனுப்புங்க” என்று மேனேஜரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். கால்பந்துப் போட்டி முடியும்வரை தற்காலிகம். ஒழுங்காக இருந்தால் பிறகு நிரந்தரம்.

பல நாடுகள் மோதும் போட்டி அது. சொந்த நாட்டு அணி இந்த விடுதியில்தான் தங்கியிருந்தது. முதல் சுற்று முடிந்து நாக்-அவுட் தொடங்கியிருந்தது.

“இனிமே தோத்தா மூட்டை கட்ட வேண்டியதுதான்” என்று ஆவி விளக்கினான். இஸ்திரி போடுபவன் அவன். நீராவிப் புகைக்குள்ளேயே நிற்பதால் அந்தப் பெயர்.

“சமமா முடிஞ்சா?”

“முடிய விட மாட்டாங்க. யாராவது ஒருத்தன் தோத்தே ஆகணும்.”

“எதுக்கு?”

ஆவி இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தான். “பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினாத்தானே கடைசியில ஒருத்தன் மிஞ்சுவான்?”

அவளுக்குப் பதில் பிடித்திருந்தது. அதற்குமேல் ஆட்டத்தைப் பற்றி அவள் தெரிந்துகொண்டதெல்லாம் துணிகளிடமிருந்துதான். ஓடுகிறவன் சட்டையில் முதுகு நனைந்திருக்கும். தடுப்பவன் காலுறையில் புல் கறை. மாற்று ஆட்டக்காரர்களின் உடுப்பு பாவம், போன மாதிரியே திரும்பி வரும்.

ஒரே ஒரு துணி மட்டும் வராது. எல்லோரும் ‘கோலி’ என்று கூப்பிடும் கோல்கீப்பரின் சாம்பல் நிற உள்சட்டை. அதை முதல் ஆட்டத்தில் போட்டிருந்தார். ஒரு கோல்கூட விழவில்லை. அன்று முதல் துவைக்கவில்லை. அதன்பிறகும் ஒன்றுகூட விழவில்லை. அதன் உயர்ந்த கழுத்துப்பட்டி மேல்சட்டைக்கு மேலே இரண்டு விரல் அளவு தெரியும். நாடு முழுக்க அந்தச் சாம்பல் பட்டியைத் தெரியும். தெருவில் பிள்ளைகள் கழுத்தில் சாம்பல் துணி சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். பேருந்தில் கோலிக்குப் பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்காருவதில்லை என்று கேள்வி.

அணியின் உடுப்புகளுக்குப் பொறுப்பானவரை எல்லோரும் உடுப்பு மாமா என்பார்கள். முதல் நாளே அவர் கூடத்துக்கு வந்து விரலை ஆட்டிவிட்டுப் போயிருந்தார். “அந்தச் சட்டை இங்க வராது. வந்தா தண்ணி காட்டக் கூடாது. சொல்லிட்டேன்.”

காலிறுதியில் ஜெயித்த மறுநாள் காலை அது வந்துவிட்டது.

வந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் எண் தைத்த வலைப்பை உண்டு. அழுக்கை அவரவரே போட்டு முடிச்சிட்டு அனுப்புவார்கள். காலுறை ஜோடி மாறாமலிருக்க, பையை முடிச்சோடு அப்படியே இயந்திரத்தில் போடுவதுதான் கூடத்தின் வழக்கம். காய்ந்த பிறகு, மடிக்கும் மேஜையில்தான் முடிச்சு அவிழும். ஒன்றாம் எண் பையை அவள் அவிழ்த்தாள். ஒரு துண்டை உதறினாள். உள்ளே சாம்பல் நிறச் சட்டை. சோப்பு மணத்தது.

சித்தப்பா ஓடி வந்தார். சட்டையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். “அம்மாடி, பூ மாதிரி இருக்கே. போச்சு, எல்லாம் போச்சு.”

“நாமளா சித்தப்பா போட்டோம்? பைக்குள்ள வந்துச்சு.”

“நாடே அழுதுட்டு நிக்கும்போது பைமேல கேஸ் போடுவியா நீ?”

அவர் யோசனையில் பழுது இல்லை. அணி தோற்றால், சட்டை துவைக்கப்பட்டது வெளியே தெரிந்தால், தேடி வருகிறவர்கள் கீழ்த்தளத்துக்குத்தான் வருவார்கள். அவள் வேலை போகும். கூடவே வாக்குக் கொடுத்தவர் வேலையும்.

“துவைச்சதை அழுக்காக்க முடியாதா என்ன?” என்றார் சித்தப்பா. அவர் பார்வை ஆவியின் மேல் போய் நின்றது.

“ஐயோ, அண்ணே.”

“நீ எப்படியும் வேர்க்கப் போறவன்தானேடா. இதுக்குள்ள நின்னு வேர்த்துட்டுப் போ.”

ஆவி சட்டைக்குள் புகுந்தான். கோலி ஒட்டடைக் கம்பு உயரம். ஆவி உருளை வடிவம். சட்டை முனகியது. அரை நாள் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்றான். அடிக்கடி சித்தப்பா போய் முகர்ந்து பார்த்தார். “இன்னும் பத்தாது. கொஞ்சம் கஷ்டத்தை நினைச்சுக்கோ.”

“கஷ்டத்தை நினைச்சா கண்ணீர்தான் அண்ணே வரும், வேர்வை வராது.”

அவள் சிரிக்கவில்லை. உதறிய துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டை துண்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கைகளை உள்ளே மடக்கி, சதுரமாக. அழுக்குத் துணியை உலகத்தில் யார் மடிப்பார்கள்?

மாலையில் உடுப்பு மாமா வந்தார். ஆவி சட்டென்று திரைச்சீலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான்.

“சாம்பல் சட்டை தெரியாம இங்க வந்துச்சா?”

“வரலையே” என்றார் சித்தப்பா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

“அதானே. ரூம்லதான் இருக்குன்றான் அவன். காட்டுடான்னா மட்டும் காட்ட மாட்டேன்றான். அரையிறுதி வருது, எனக்குப் படபடன்னு இருக்கு.”

அவர் போனதும் அவள் சொன்னாள்: “சித்தப்பா, பொய் சொல்றவர் நீங்க ஒருத்தர் இல்ல.”

“என்ன சொல்ற?”

“சட்டை இங்க இருக்கு. ரூம்ல இருக்குன்னு கோலி எதுக்குச் சொல்லணும்?”

“தாயே, இந்த ஒரு தடவை மட்டும் அந்த வார்த்தையை விழுங்கிடு” என்று அவர் கைகூப்பினார்.

விழுங்கலாம் என்றுதான் இருந்தாள். மறுநாள் கோலியே கீழே இறங்கி வந்துவிட்டார்.

குழாய்கள் ஓடும் தாழ்ந்த கூரைக்குக் கீழே தலையைக் குனிந்தபடி நின்றார். தொலைக்காட்சியில் பார்த்ததைவிட இளைத்திருந்தார். “என் துணியில ஒண்ணு குறையுது” என்றார்.

சித்தப்பா சட்டையை எடுத்துக் கொடுத்தார். கோலி அதை முகத்தருகே கொண்டுபோனார். இன்னொரு முறை முகர்ந்தார்.

“இது யாரோட வேர்வை?”

நீராவி மேஜைக்குப் பின்னால் ஆவி இன்னும் கொஞ்சம் வேர்த்தான். உரலுக்குள் தலையைக் கொடுத்தாயிற்று. இனி உலக்கைக்குப் பயந்து என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

“துவைச்சுட்டோம் சார்” என்றாள் அவள். “ஆனா ஒண்ணு. எதுக்கு சார் அதைப் பையில போட்டீங்க?”

“தெரியாம விழுந்திருக்கும்.”

“விழுந்தது துண்டுக்குள்ள போய் மடிஞ்சுக்குமா சார்?”

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். கோலி அவளைப் பார்த்தார். கோபமில்லை. பிடிபட்டவரின் முகமும் இல்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவரைப் போல, அங்கிருந்த துணிக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

“நான் புடிச்ச பந்தையெல்லாம் சட்டை புடிச்சதா எழுதறாங்க” என்றார். “முதல்ல சிரிப்பா இருந்துச்சு. இப்ப எனக்கே சந்தேகம். நானா, சட்டையா? தெரிஞ்சுக்கணும். நானே துவைக்கலாம்னு குழாயடிக்கு எடுத்துட்டுப் போனேன். கை வரல.”

“அதனால எங்க கையை எடுத்துக்கிட்டீங்க.”

அவள் மேஜையைச் சுற்றி அவர் எதிரே வந்து நின்றாள்.

“சார், நீங்க ஜெயிச்சா சட்டை இல்லாமயே ஜெயிச்சீங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும். சந்தோஷம். தோத்தீங்கன்னா சலவைக்காரி துவைச்சுட்டான்னு ஊருக்குத் தெரிஞ்சுடும். ஜெயிச்சா நீங்க, தோத்தா நானா?”

“இவ பேசறதை மனசுல வெச்சுக்காதீங்க தம்பி” என்று சித்தப்பா குறுக்கே வந்தார்.

“இல்ல” என்றார் கோலி. “அந்தப் பக்கத்தை நான் யோசிக்கவே இல்ல.” எழுந்தபோது குழாயில் தலையை இடித்துக்கொண்டார். சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

“முடிஞ்சுது” என்றார் சித்தப்பா. “நாளைக்கு ஜெயிக்கணும். வேற வழி இல்ல நமக்கு.”

அரையிறுதி அன்று கூடத்தில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு, மடிக்கும் மேஜைமேல் சிறிய தொலைக்காட்சியை வைத்தார்கள். இரு அணிகளும் வரிசையாக நின்றன. கேமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. கோலி மேலங்கியைத் தாடைவரை மூடியிருந்தார். அவளுக்கு ஆட்டம் இரண்டாம்பட்சம். அந்த அங்கிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. துவைத்த சட்டையைப் போட்டிருந்தால், அழுக்குச் சட்டை என்றுதான் ஊர் நினைக்கும். பிறகு உண்மை வெளிவந்தால் பழி எந்தப் பக்கம் இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவர் அங்கியைக் கழற்றினார். வெறும் கழுத்து.

வர்ணனையாளர் கத்தத் தொடங்கினார். ஓரத்து நாற்காலிகளில் உடுப்பு மாமா தலையில் கை வைத்துக்கொண்டு எழுந்து நிற்பது தெரிந்தது. கேமரா மறுபடி கோலியிடம் வந்தது. அவர் கழுத்தைத் திருப்பவில்லை. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் நின்றார்.

“போடலையே” என்றான் ஆவி. “நான் வேர்த்ததெல்லாம் வீணா?”

“போடல” என்றாள் அவள். எதற்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

ஆட்டம் சுலபமாக இல்லை. முதல் பாதியிலேயே ஒரு கோல் விழுந்தது. இந்தப் போட்டியில் கோலி விட்ட முதல் கோல். ‘கழுத்து, கழுத்து’ என்றார் வர்ணனையாளர். இரண்டாம் பாதியில் நம் அணி ஒன்றைத் திருப்பிப் போட்டது. கூடுதல் நேரத்திலும் அசையவில்லை. பெனால்டி. கோலி இரண்டு உதைகளைத் தடுத்தார், இரண்டாவதைக் கால் நுனியால். ஆனால் நம் ஆட்கள் மூன்றைக் கோட்டைவிட்டார்கள். கடைசிப் பந்து கம்பத்துக்கு மேலே போய்க் கூட்டத்தில் விழுந்தது.

“எல்லாம் அந்தக் கழுத்தால வந்த வினை” என்றது தொலைக்காட்சி.

“வானத்துக்கு உதைச்சவன் வேற ஒருத்தன்” என்றாள் அவள். “ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல்னு சொல்லுவாங்க. இவங்களுக்குக் கழுத்து கோணல்.”

சித்தப்பா தொலைக்காட்சியை அணைத்தார். யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

மறுநாள் உடுப்பு மாமா மேனேஜரையும் அழைத்துக்கொண்டு இறங்கி வந்தார். கையில் சாம்பல் சட்டை. “இதைக் கோலி ரூம்ல கண்டெடுத்தேன். துவைச்சிருக்கு. அதுக்குமேல வேற எவனோ வேர்த்திருக்கான். யார் வேலை?”

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னே வந்தாள். “நான்தான் துவைச்சேன் சார். ஒண்ணாம் நம்பர் பையில வந்துச்சு.”

“சொன்னேன்ல அன்னைக்கே, தண்ணி காட்டக் கூடாதுன்னு?” மாமா குரல் உயர்ந்தது. பிறகு, காற்றுப் போன பந்து மாதிரி அடங்கினார். “ஆனா அவன் அதைப் போடவே இல்லயே. நாடே பாத்துச்சு.”

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “போடாத சட்டையைத் துவைச்சா என்ன, துவைக்காட்டி என்ன? என்னை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க?”

ஆவி இஸ்திரிப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. மேனேஜர் மாடிப்படி ஏறிப் போனார். சித்தப்பா பெஞ்சைத் தேடி உட்கார்ந்தார்.

“நீங்கள்லாம் எப்ப மாமா கிளம்பறீங்க?” என்று அவள் கேட்டாள். “தோத்தா மூட்டை கட்டணுமாமே.”

“எங்க கட்டறது? மூணாவது இடத்துக்கு ஒரு ஆட்டம் இருக்கே. அரையிறுதியில தோத்த ரெண்டு பேரும் மோதணும்.”

“ரெண்டு பேரும்தான் தோத்தாச்சே. மறுபடி எதுக்கு?”

“அதை என்கிட்ட கேக்காத. முப்பது வருஷமா நானும் யோசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, சட்டையை மேஜைமேல் போட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் இடத்து ஆட்டத்துக்கு முந்திய மாலை கோலி வந்தார். இந்த முறை குழாயைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

“தெரிஞ்சுதா சார்?” என்றாள் அவள்.

“என்னது?”

“நீங்களா, சட்டையான்னு.”

அவர் யோசித்தார். “பெனால்டியில ரெண்டு புடிச்சேன். மூணு விட்டேன். சட்டையோட நின்னிருந்தா எத்தனைன்னு எப்படித் தெரியும்?”

“ஒரு தடவை இல்லாம பாத்தாச்சு. இப்ப துவைச்சதைப் போட்டுப் பாத்தாத்தானே சார் வித்தியாசம் தெரியும்?”

“அந்த ஆட்டத்தை யாரும் பாக்கவே மாட்டாங்க.”

“நாங்க பாப்போம். எனக்கும் தெரிஞ்சாகணும்.”

கோலி சிரித்தார். கையை நீட்டினார். அவள் கொடுத்த சட்டையை வாங்கியவர், போட்டுக்கொள்ளலாமா என்பதுபோல் நிறுத்தி, மேஜைக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தார்.

“அவரோட வேர்வை போயிடுச்சா?”

“ரெண்டு தடவை துவைச்சோம் சார்” என்றாள். “ஒரு தடவையில போகல.”