ஹோல்டனின் முன்கதவு

மனைவி இறந்தபின் மகாதேவன் யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு, சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்த மகன் பிரஷாந்தனிடம் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வருடம் கணித வாத்தியாராக இருந்தவர்.

வந்த மூன்றாம் நாளே மகன் அவரைக் கராஜுக்குக் கூட்டிப்போனான். அறுபத்தெட்டாம் ஆண்டு ஹோல்டன் கார் ஒன்று பெயின்ட் உரிந்து நின்றது. துருப்பிடித்த இடங்களை வெட்டிப் புதுத் தகடு ஒட்டியிருந்தான். முன்கதவில் பள்ளங்களை நிரப்பப் பட்டி பூசிக் காய்ந்திருந்தது.

"சும்மா இருக்காமல் இதைத் தேயுங்கோ அப்பா. கை வைச்சால் மேடுபள்ளம் தெரியக்கூடாது."

மகாதேவனுக்குச் சந்தோஷம். மகன் தன்னிடம் ஒன்று கேட்டு எத்தனையோ வருடம். சாண்ட்பேப்பரோடு மூன்று நாள் நின்றார். விரல் நுனிகள் வெடித்தன.

பிரஷாந்தன் தடவிப் பார்த்தான். "சரியில்லை." பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பூசினான்.

அடுத்த தடவையும் அதேதான். அதற்கடுத்த தடவை மருமகள் தாட்சாயினி தொட்டுப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கு மாமா" என்றாள். அன்று மகாதேவன் குளித்து, வெள்ளைச் சேர்ட் போட்டு, மகன் வேலையால் வரும்வரை கராஜ் வாசலில் காத்திருந்தார்.

பிரஷாந்தன் வெகுநேரம் தடவினான். குனிந்து வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு சுத்தியலை எடுத்துக் கதவின் நடுவில் ஓங்கி அடித்தான்.

"தம்பி!"

"கணக்குச் சோதனையிலை தொண்ணூற்றாறு புள்ளி எடுத்தனான். மிச்சம் நாலும் எங்கை எண்டு கேட்டு, உங்கடை வகுப்பிலை எல்லாருக்கும் முன்னாலை என்ரை கொப்பியைக் கிழிச்சனீங்கள். ஞாபகமிருக்கோ?"

மகாதேவன் யோசித்தார். உண்மையாகவே நினைவு வரவில்லை. எத்தனையோ பிள்ளைகளின் கொப்பிகளைக் கிழித்திருந்தார்.

"இல்லை ராசா."

பிரஷாந்தனின் முகம் கோணிப்போனது. இன்னொரு அடி விழுந்தது.

"நான் ஊருக்குப் போறன்" என்றார் மகாதேவன். "ரிக்கற் போட்டுத் தா."

"போகலாம். கதவை முடிச்சுப்போட்டுப் போங்கோ."

தாட்சாயினி சண்டை பிடித்துப் பார்த்தாள். அவன் அசையவில்லை. மகாதேவன் தானே பட்டி பூசிப் பதினொரு நாள் தேய்த்தார். முடிந்துவிட்டது என்று அவர் சொன்னபோது பிரஷாந்தன் கதவைத் தொடவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. விமான ரிக்கற்றை மட்டும் நீட்டினான்.

விமான நிலையத்துக்குத் தாட்சாயினிதான் கூட்டிப்போனாள். வழி முழுக்க அழுதாள். "அவருக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன் மாமா."

"கேக்காதை பிள்ளை," என்றார் மகாதேவன். "அந்தக் கொப்பியை இப்பவும் யோசிச்சுப் பாக்கிறன். ஞாபகம் வரமாட்டன் எண்டுது."