அடுப்படிக் கிணறு

என் வீட்டுக்காரர் நிலக்கரிச் சுரங்கத்தில் பம்ப் ஓட்டுபவர். அடியில் ஊறும் தண்ணீரை ராப்பகலாக இறைத்து வெளியே தள்ளினால்தான் ஆட்கள் இறங்கிக் கரி வெட்ட முடியும். வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இறங்கியிருக்கு" என்பார். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

சுரங்கத்தில் தண்ணீர் இறங்க இறங்க, சுற்றுவட்டாரக் கிணறுகளும் வற்றின. எங்கள் கொல்லைக் கிணறும் தப்பவில்லை. கட்டிய புருஷனே என் கிணற்றைக் குடித்துவிட்டார் என்று நான் சொல்லிப் புலம்பாத ஆள் இல்லை.

வற்றியதைச் சும்மா விட்டிருக்கலாம். இவர் சுரங்க மண்ணைக் கொட்டித் தூர்த்து, அதன்மேல் எனக்கு அடுப்படி கட்டினார். தண்ணீர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். தான் இருக்கிறவரைக்கும் ஒரு சொட்டு ஏறாது என்றார். எங்கள் தெருவில் பம்ப்காரர்கள் எல்லாருமே இப்படித்தான் கட்டினார்கள். தங்கள் வேலைமேல் அவ்வளவு நம்பிக்கை.

பிறகு சுரங்கத்தை மூடினார்கள். கடைசி பம்பை நிறுத்தியது இவர் கைதான். அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

மழை தொடங்கும் முன்பே அடுப்படித் தரை சில்லிட்டது, கசிந்தது. அடுப்பு மூலை உள்வாங்கிச் சுவர் விரிசல் விட்டது. பார்க்க வந்த கொத்தனார் உள்ளே கால் வைக்கவே இல்லை. தூர்த்த மண் ஊறி உட்காருகிறது, இனி இங்கே சமைத்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் கேட்பாரா? மறுநாளே ஒரு சின்ன பம்பைத் தோளில் சுமந்து வந்தார். முகத்தில் மறுபடி வேலை கிடைத்த சந்தோஷம். நான் வழியை மறித்து நின்றேன்.

"எத்தனை நாளைக்கு இறைப்பீங்க?"

"நான் இருக்கிறவரைக்கும்."

"அதுக்கப்புறமும் நான் இங்கதானே சமைக்கணும்?"

அவர் பம்பை இறக்கி வைத்தார். உள்ளே போய் அடுப்பைத் தூக்கிவந்து கூடத்தில் வைத்தார்.

அடுப்படியை அவரே இடித்தார். அது இருந்த இடம் பள்ளமாகி, துரு நிறத்தில் தண்ணீர் நிற்கிறது. குடிக்க ஆகாது. சுற்றிலும் வேலி போட்டு, நடுவில் தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு குச்சி நட்டிருக்கிறார். இன்று காலை அதைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

"ஏறியிருக்கு" என்றார். "நீ சாப்பிட்டியா?"

அவர் வேலை முடிந்து வீடு திரும்பியது இன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.