இரண்டாம் பாகத்தில் இறந்தவர்

உமையாளின் கணவர் வேங்கையன் இரண்டாம் பாகத்தில் இறந்துபோனார். நான்காம் பாகத்தில் கோட்டைக் கதவைத் திறந்தார். கதையை எழுதியவருக்கு அவர் இறந்தது மறந்துபோய்விட்டது. ஊரில் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

வேங்கையனிடமும் யாரும் சொல்லவில்லை. நல்ல மனிதர், நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அவரிடம் போய் இதையா சொல்வது? பறக்கும் யாளி நெருப்பைக் கக்கி அவர் கருகிப்போனதும், ராஜா கடைவீதியில் அவருக்கு நடுகல் வைத்ததும், ஊரே அழுது ஓய்ந்ததும் நடந்ததுதான். யார் இல்லையென்றது? இப்போது அந்த நடுகல்லின் மேல் எந்நேரமும் ஒரு ஈரச் சேலை காய்ந்துகொண்டிருக்கும். இன்றைக்கு யார் வீட்டுச் சேலை என்று பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வார்கள். அடைமழையிலும் காயப்போட்டார்கள்.

"இந்த ஊர்ல மட்டும் துணி ஏன் காயவே மாட்டேங்குது?" என்று வேங்கையன் கேட்பார்.

"காத்து சரியில்லைங்க" என்பாள் உமையாள்.

வெள்ளிக்கிழமைதோறும் வாசகர்கள் பஸ்ஸில் வருவார்கள். ஹார்ன் சத்தம் கேட்டதும் ஊரே செந்தமிழுக்கு மாறிவிடும். கீரைக்காரிகூட "கீரை கொள்வீர், அன்பர்களே!" என்று கூவுவாள். கீரை விலையும் கொஞ்சம் ஏறும். வாசகர்கள் கோட்டை வாசலில் நின்று சந்தேகம் கேட்பார்கள். மந்திரி சேந்தனார் பதில் சொல்வார். வாசகர் முன்னால் எதைச் சொல்லி முடித்தாலும் அது அப்போதே உண்மையாகிவிடும். அந்த ராஜ்யத்தின் வழக்கம் அது.

அமாவாசைக்கு மறுநாளே எப்படிப் பௌர்ணமி வந்தது என்று ஒருவர் கேட்டார். "நிலவுகள் இரண்டு" என்றார் மந்திரி. அன்றிலிருந்து இரண்டு. ஒன்றுக்கு வேலையே கிடையாது, பட்டப்பகலில் சும்மா நிற்கும். ஒரு மாதப் பயணத்தை இளவரசன் எப்படி ஒரே பகலில் முடித்தான் என்று இன்னொருவர் மடக்கினார். "குதிரைக்கு ஜலதோஷம் கண்டால் பூமி சுருங்கும்" என்றார் மந்திரி. இப்போதெல்லாம் குதிரை தும்மினால் பக்கத்து ஊர்க்காரர் நம் வீட்டுக் கூடத்தில் வந்து நிற்கிறார். காபி கொடுத்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டால்தான் வினை. அடுத்த பதிப்பில் எழுத்தாளர் திருத்திவிடுவார். வடக்கே இருந்த ஒரு மலை அப்படித்தான் போனது. ஆடு மேய்க்கப் போனவர்கள் இன்னும் அதே உயரத்தில் மேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வாசகிதான் இறங்கினாள். பெயர் ஜெசிந்தா. நாகர்கோவிலில் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுப்பவள். தோள்பையில் நான்கு பாகங்களும் கனத்தன.

"ஒரேயொரு சந்தேகம்" என்றாள். "ரெண்டாம் பாகத்துல செத்துப்போன காவலன் வேங்கையன், நாலாம் பாகத்துல எப்படிக் கதவைத் திறந்தாரு?"

உமையாள் திரும்பிக் கோட்டைக் கதவைப் பார்த்தாள். நல்லவேளையாக வேங்கையன் கதவுக் கீலுக்கு எண்ணெய் வாங்கப் போயிருந்தார்.

"ஆகா! அருமையான வினா!" என்றார் மந்திரி. அவருக்கு ஒன்றும் தெரியாவிட்டால் அப்படித்தான் ஆரம்பிப்பார். "கேளுங்கள், பெண்ணரசி! அவர்கள் இரட்டையர். மாண்டவன் மூத்தவன். கதவைத் திறந்தவன் அவனுடைய..."

"ஐயையோ, வாயை மூடுங்க!" என்று பாய்ந்தாள் உமையாள். செந்தமிழ் எங்கே போனதோ. "அப்படின்னா என் வீட்ல இருக்கிறது யாரு? கொழுந்தனாரா? ஊர் சிரிக்காதா?"

மந்திரி நிறுத்திக்கொண்டார். ஆனால் பாதி சொன்னதற்கே பலன் வந்துவிட்டது. தெருமுனையில் வேங்கையனின் சாடையில் ஒரு மீசை மட்டும் தோன்றி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

"சரி, மூலிகை" என்றார் மந்திரி. "மாண்டோரை எழுப்பும் மூலிகை ஒன்று..."

"அதக் குடுத்தா மூணாம் பாகத்து அரக்கனும் எந்திரிப்பானே. அவனுக்கு யாரு சமைச்சுப் போடுறது?" என்றாள் உமையாள்.

"அப்படியானால் அது கனவு."

"யாரோட கனவு?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"தங்களுடையது."

ஜெசிந்தா லேசாக மங்கினாள். அவள் வழியாகக் கீரைக்கடை தெரிந்தது. "இல்லை, இல்லை, கனவு அன்று!" என்று மந்திரி பதறினார். அவள் தெளிந்துவிட்டாள்.

கண்டக்டர் விசில் ஊதினார். டிரைவர் கடைசி வாய் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். உமையாள் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கேக்கவே இல்லன்னு வச்சுக்கோ, தாயி. உனக்குப் புண்ணியமாப் போகும். அவர் அங்க நடமாடிட்டுத்தான் இருக்கார். இப்ப வந்திருவார். பஸ் போயிட்டா அவர் இல்ல."

"கேட்டாச்சே மதினி."

"எதுக்கு இதக் கேட்ட? உலகத்துல வேற சந்தேகமே இல்லையா உனக்கு?"

ஜெசிந்தா தோள்பையைத் தடவினாள். "முத ரெண்டு பாகமும் எங்கக்கா ரோஸ்லின் வாங்கினது" என்றாள். "வேங்கையன் செத்தப்ப ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதோம். மூணாம் பாகம் வர்றதுக்குள்ள அக்கா போயிட்டா. நாலாம் பாகத்துல பாத்தா, இவரு வந்து கதவைத் திறக்காரு. ஒண்ணுமே நடக்காத மாதிரி. எப்படி வந்தாருன்னு எனக்குத் தெரியணும் மதினி. அதுக்குத்தான் வந்தேன்."

உமையாளுக்குத் திட்ட வாய் வரவில்லை. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தப் பெண்ணின் கையை விடாமல் அப்படியே நின்றாள்.

அந்த நேரம் பார்த்து வேங்கையன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து சேர்ந்தார்.

"என்ன கூட்டம்?"

மந்திரி வேலையில்லாத நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் செத்ததப் பத்தியா?" என்றார் வேங்கையன்.

கீரைக்காரி கூடையைக் கீழே போட்டாள். "உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் உமையாள்.

"செத்தவனுக்குத் தெரியாதா? யாளி ஊதினா சுடாதா என்ன?"

"இத்தனை நாளும் தெரிஞ்சேவா சும்மா இருந்தீங்க?"

"ஊரே இவ்வளவு பாடுபட்டு மறைக்குது. தெரியும்னு சொன்னா உங்க மனசு கஷ்டப்படாதா?"

உமையாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மழையில் நனைந்து சேலை காயப்போட்டவள் அவளல்லவா! எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடி திடமாக விழுந்தது. அதில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீராகக் கொட்டியது.

வேங்கையன் தோளைத் தடவிக்கொண்டே ஜெசிந்தாவிடம் சொன்னார்.

"அங்க சும்மா படுத்திருந்தேன், தாயி. இருட்டெல்லாம் இல்ல. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரிதான். இங்க பேசுறது எல்லாம் கேக்கும். இவ அழுததும் கேட்டுது. ஒருநாள் அந்த மனுசன் தப்பா என் பேரை எழுதிட்டாரு, வேங்கையன் கதவைத் திறந்தான்னு. எந்திரிச்சு வந்து திறந்தேன். இளவரசன் உள்ள போயிட்டான். அவ்வளவுதான் எழுத்து. அதுக்கப்புறம் என்னை யாரும் கண்டுக்கல. திரும்பப் போய்ப் படுத்திருக்கலாம். நான் வீட்டுக்கு வந்தேன். அது அவர் எழுதினதில்ல. நானா வந்தது."

சொல்லி முடித்ததும் எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். எதுவும் அசையவில்லை. ஏற்கெனவே உண்மையாக இருந்ததால் புதிதாக உண்மையாவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சந்தேகம் தீர்ந்தது என்று மந்திரி கையைத் தட்டினார். ஊரே தட்டியது. தெருமுனை மீசைகூடத் துடித்தது.

"அப்போ மத்தவங்க?" என்றாள் ஜெசிந்தா மெதுவாக.

"எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. தப்பா ஒரு தடவ கூப்பிடத்தான் ஆளில்ல."

இதையும் வாசகர் முன்னால்தான் சொன்னார்.

அரண்மனைச் சமையல்காரர் அம்மா இறந்ததை மறந்து, ஏதோ நினைவில் உள்பக்கம் திரும்பி, "அம்மா, உப்பு போட்டாச்சா?" என்று கேட்டார்.

"போட்டாச்சுடா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். ஊரில் ஒரே அமர்க்களம். ஆளாளுக்குத் தங்கள் வீட்டுச் சாவுகளை மறந்துபோனதுபோல் பாவனை செய்துகொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.

உமையாள் ஜெசிந்தாவைப் பஸ்வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். வெயில் இதமாக இருந்தது. ஜெசிந்தா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனை டிக்கெட்?" என்றார் கண்டக்டர்.

"ரெண்டு" என்றாள் ஜெசிந்தா. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்டக்டர் இரண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

பஸ் நகர்ந்தது. யாரோ ஒருத்தி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உமையாளைத் தாண்டி ஓடினாள். "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டித் தொற்றி ஏறினாள். ஜன்னல் வழியாக அவள் குரல் உமையாளுக்கு நன்றாகக் கேட்டது.

"தள்ளி உக்காருடி. மூணாம் பாகத்த எடு. கதையச் சொல்லிராத."