பொருள்: செருப்பு ஸ்டாண்டு

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று மயிலாத்தாளுக்கு எப்போதும் பயம். ஒரு எண் மாறினாலும், ஒரு தேதி முன்பின் ஆனாலும் அது மகளின் வேலைக்கு வினையாக வந்து நிற்கலாம். அதனால் யார் விசாரித்தாலும் முதலிலிருந்தே வரிசை மாறாமல்தான் சொல்வாள். அவள் மகள் சிந்துஜா வேதியியல் பட்டதாரி. அரசின் பட்டதாரிப் பணித் தொடக்கத் திட்டத்தில் தேர்வாகி, ஜூன் பதினோராம் தேதி முற்பகல், கொற்றனூர் மாவட்டத் தலைமை அலுவலகத்தில் கோப்பாகச் சேர்ந்தாள்.

திட்டத்தில் சேருகிறவர்கள் எல்லோருமே முதல் வருடம் கோப்பாகத்தான் இருக்க வேண்டும். கோப்பாக இருந்து பார்க்காதவருக்குக் கோப்பை நடத்தத் தெரியாது என்பது அரசின் கருத்து. முன்னால் ஓர் அட்டை, பின்னால் ஓர் அட்டை, இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு நாடா. அலுவலகத்து நாடா தோளை அறுக்கும் என்று கேள்விப்பட்டு, மயிலாத்தாள் உள்பக்கம் காடாத்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். ஊரில் அவள் ஜாக்கெட் தைக்கிறவள்.

சேர்ந்த அன்று கண்காணிப்பாளர் தேவசகாயம் அம்மாவையும் மகளையும் எதிரே உட்கார வைத்துப் பதிவேட்டைத் திறந்தார்.

"கோப்புன்னா பொருள்னு ஒண்ணு வேணுமில்லம்மா. என்ன போட்டுக்கலாம்? நில எடுப்பு இருக்குது. அணைக்கட்டு இருக்குது. கலவர விசாரணை ஒண்ணு சும்மா கிடக்குது."

சிந்துஜா வாயைத் திறப்பதற்குள் மயிலாத்தாள் முந்திக்கொண்டாள். "பெருசெல்லாம் வேண்டாமுங்க. புள்ளை தாங்க மாட்டா. யாருக்கும் தொந்தரவில்லாம எது சின்னதோ அதையே போட்டுருங்க."

தேவசகாயம் பதிவேட்டின் அடிப்பக்கம் வரை விரலை ஓட்டினார். "வாசல்ல செருப்பு ஸ்டாண்டு வேணும்னு ஒரு மனு வந்திருக்குது."

"அது போதுங்க."

"அம்மா," என்றாள் சிந்துஜா.

"சும்மா இரு. பெரியவங்க பாத்துக் குடுக்கறாங்க."

அட்டையின் மேல் சீட்டு ஒட்டினார்கள். ந.க.எண் 4417. பொருள்: செருப்பு ஸ்டாண்டு கோருதல். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் அப்பா கூச்சமே இல்லாமல் அணைக்கட்டைக் கேட்டு வாங்கினார். சில பேருக்கு இப்படியும் ஆசை இருக்கும் என்று மயிலாத்தாள் நினைத்துக்கொண்டாள். ஊருக்குத் திரும்பி வீட்டுக்கு வீடு மைசூர்பாகு கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து மகளைப் பார்க்கப் போனபோது விடவில்லை. பொதுமக்கள் கோப்பைப் பார்க்க வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுச் செய்ய வேண்டும். மயிலாத்தாள் மனு எழுதினாள். மேற்படி கோப்பு நேரத்துக்குச் சாப்பிடுகிறதா, இரவில் போர்த்திக்கொள்கிறதா என்று இரண்டு கேள்வி. முப்பதாம் நாள் பதில் வந்தது. கோரப்பட்ட தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை. கோப்பை நேரில் பார்வையிட மனுதாரருக்கு ஒரு மணி நேரம் அனுமதி உண்டு.

சிந்துஜாவை மேசைமேல் கிடத்தி நாடாவை அவிழ்த்தார்கள். மயிலாத்தாள் டிபன் பாக்ஸைத் திறந்ததும் தேவசகாயம் கையை நீட்டித் தடுத்தார்.

"வெளியிலிருந்து எதைக் கோப்புக்குள்ள சேர்த்தாலும் பக்க எண் போடணும்மா. அப்புறம் தணிக்கையில எனக்குத்தான் கேள்வி."

மூன்று இட்லியிலும் சிவப்பு மையால் 61, 62, 63 என்று எழுதினார். சட்னிக்கு எண் கிடையாது, அது இணைப்பு. சிந்துஜா வரிசை மாறாமல் சாப்பிட்டாள்.

"எளைச்சுப் போயிட்டியே கண்ணு."

"இல்லம்மா, தடிச்சிருக்கறேன். வந்தப்ப ரெண்டே பக்கம்."

"வேலையெல்லாம் கத்துக்கிட்டியா?"

"கத்துக்கிட்டேன். கட்டடப் பிரிவுக்குப் போனேன், ஸ்டாண்டு எத்தனை தட்டுன்னு கேட்டாங்க. இங்க திருப்பி அனுப்புனாங்க, எத்தனை செருப்புன்னு கேட்டாங்க. இப்ப ஒத்தைச் செருப்பை ஒண்ணுன்னு எண்ணறதா அரைன்னு எண்ணறதான்னு கருத்துக் கேட்டு மேல போறேன்."

"பெரிய வேலையாத்தான் குடுத்திருக்கறாங்க."

"எல்லாரும் எம்மேல 'பேசவும்'னு எழுதறாங்கம்மா. யாரும் பேசறதில்லை," என்றாள் சிந்துஜா. மணி ஆகிவிட்டது என்று நாடாவைக் கட்டிவிட்டார்கள்.

மே மாதம் கோப்புகளுக்கு முடிவு கட்டினார்கள். அதைப் பற்றி மயிலாத்தாளுக்கு விளக்கிச் சொன்னவர் பதிவறை எழுத்தர் சம்சுதீன். இருபத்தாறு வருடமாக அந்த அறையில் இருப்பவர். முடிவு மூன்று வகை. நிரந்தரம் என்று போட்டால் மறுநாளே அதிகாரியாக நியமன ஆணை வரும். பத்தாண்டு என்று போட்டால் அலமாரியில் பத்து வருடம் இருக்க வேண்டும், பிறகு யோசிப்பார்கள். மூன்றாண்டு என்று போட்டால் மூன்றாம் வருடக் கடைசியில் பின்கட்டு மைதானத்தில் வேப்பஞ்சருகோடு சேர்த்து எரித்துவிடுவார்கள். குடும்பத்துக்குச் சான்றிதழ் தருவார்கள். முத்திரை நன்றாகத் தெளிவாக விழுந்திருக்கும்.

அணைக்கட்டுப் பெண்ணுக்கு நிரந்தரம். அவளுக்கு ஜீப் கொடுத்துவிட்டார்கள். சிந்துஜாவுக்கு மூன்றாண்டு.

"புள்ளை மேல ஒரு குத்தமும் இல்லைக்கா," என்றார் சம்சுதீன். "சுத்தமான கோப்பு. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. பொருள்தான் சரியில்லை. செருப்பு ஸ்டாண்டை நிரந்தரமா வெச்சு என்ன பண்றது? அந்தப் பொருளை யாரு கேட்டு வாங்குனது?"

மயிலாத்தாள் தரையைப் பார்த்தாள். "நான்தானுங்க."

சம்சுதீன் எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஒரு வழி இருக்குது. கோர்ட்டுல வழக்கு இருக்கற கோப்பு மேல யாரும் தீக்குச்சி உரச முடியாது. உள்ள அம்பத்து மூணாம் வருஷத்துக் கோப்பு ஒருத்தர் இருக்கறாரு. வரப்புத் தகராறு. இன்னிக்கும் காலைல டீ கேப்பாரு. ஆனா ஒண்ணுக்கா. வழக்கு முடியற வரைக்கும் புள்ளைக்கு வேலையும் வராது."

"உசுரோட இருந்தாப் போதுங்க."

அதற்குள் அலமாரியிலிருந்து சிந்துஜாவின் குரல் வந்தது. "மூணு வருஷம் இருக்குதில்லம்மா. பொருளை மாத்தச் சொல்லி மேல எழுதிப் பாக்கலாம். நான் வேலைக்குத்தான் வந்தேன், வெச்சுக் காப்பாத்தறதுக்கு வரலை."

"கோப்பு தானா மனுப் போட முடியாது பாப்பா," என்றார் சம்சுதீன் வருத்தத்தோடு.

செருப்பு ஸ்டாண்டு தொடர்பாக வழக்குப் போட வேண்டுமென்றால் யாருக்காவது செருப்பு காணாமல் போயிருக்க வேண்டும். மயிலாத்தாள் தன் செருப்பை அலுவலக வாசல்படியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறினாள். மறுநாள் வந்து பார்த்தால் அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. யாரோ மழைக்கு நனையாமல் ஓரமாகத் தள்ளிவேறு வைத்திருந்தார்கள். நான்காம் நாள் சம்சுதீனே அதைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்.

வக்கீல் கோகிலவாணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "வழக்கு நல்லா இருக்குதுங்க," என்றாள். "ஒரே ஒரு சிக்கல். கோப்புக்குச் சொந்தக்காரங்க போட்டா நிக்காது. இந்தக் கோப்புக்கும் எனக்கும் எந்த உறவும் கிடையாது, இதை நான் பெத்தது இல்லைன்னு ஒரு உறுதிமொழி குடுத்துருங்க."

மயிலாத்தாள் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

அந்த உறுதிமொழியின் நகலை சிந்துஜாவுக்குள் 140-ஆம் பக்கமாகச் சேர்த்தார்கள். தனக்குள் என்ன சேர்கிறது என்பது கோப்புக்குத் தெரியும். அடுத்த தடவை பார்வையிடப் போனபோது சிந்துஜா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"வாங்க மனுதாரர்," என்றாள்.

"கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடறயா?"

"தொடர்பில்லாத நபருக்கு அந்தத் தகவலைத் தர வழியில்லைங்க." அப்படிச் சொன்னாலும் 141-இலிருந்து 143 வரை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். போகும்போது மயிலாத்தாள் நாடாவின் முடிச்சை ஒரு விரல் அளவு தளர்த்திவிட்டு வந்தாள்.

வழக்குக்கு எண் கிடைத்துவிட்டது. செருப்பு தொடர்பான வழக்குகளை விசாரிக்க வேண்டியவர் நீதிபதி அஷ்விதா என்றும், அவர் இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறார் என்றும், படித்து முடித்துப் பதவியேற்றதும் முதல் வேலையாக இதை எடுப்பார் என்றும் நீதிமன்ற எழுத்தர் சொன்னார். கோகிலவாணி விரல்விட்டு எண்ணிப் பார்த்து, எப்படியும் இருபது வருடம் ஆகும் என்றாள். மயிலாத்தாள் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனால் பயம் பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது. நீதிபதி படிப்பில் படுசுட்டி என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கிறாராம். வகுப்பில் எப்போதும் முதல் ஆளாம். அடுத்த வருடம் நேராக ஆறாம் வகுப்பில் போடலாமா என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்கிறார்களாம். இந்த வேகத்தில் போனால் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தீர்ப்பு வந்துவிடும். வழக்கில் ஜெயித்தால் வாசலில் ஸ்டாண்டு வந்துவிடும், கோப்புக்கு வேலை முடிந்துவிடும். தோற்றாலும் முடிந்துவிடும். எப்படி முடிந்தாலும் பின்கட்டில் சருகு கூட்டி வைத்திருப்பார்கள்.

"நீதிபதியை ஒண்ணும் பண்ண முடியாதுங்க," என்றாள் கோகிலவாணி. "குறுக்கே போனா நீதிமன்ற அவமதிப்பு."

"குறுக்க போகலைங்க. பக்கத்துல உக்காந்தா தப்புங்களா?"

கோகிலவாணி சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். தப்பு என்று எங்கேயும் இல்லை.

திங்கட்கிழமை காலை மயிலாத்தாள் நீதிபதி படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியை விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, "வயசு?" என்றார்.

"நாப்பத்தொம்போதுங்க."

"கடைசியா எதுவரைக்கும் படிச்சீங்க?"

"எட்டாவதுங்க. அத்தோட நிறுத்திட்டாங்க. டி.சி.தான் கைவசம் இல்லைங்க."

டி.சி. இல்லாதவரை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க முடியாது. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே சேர்ப்பதுதான் அந்தப் பள்ளியின் வழக்கம். நான்காம் வகுப்பு ஆ பிரிவில், இரண்டாம் பெஞ்சில், நீதிபதிக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது. கணக்கில் தேறாதவர்களை மேல் வகுப்புக்கு அனுப்புவதில்லை என்று தலைமையாசிரியை முன்னாலேயே எச்சரித்தார். அது தெரிந்துதான் வந்ததாக மயிலாத்தாள் சொன்னாள். சீருடையை அவளே தைத்துக்கொண்டாள். நீதிபதியின் பாவாடையில் ஓரம் பிரிந்திருந்ததைப் பார்த்து, அதையும் இடைவேளையில் மடித்துத் தைத்துக் கொடுத்தாள். அதிலிருந்து நீதிபதிக்கு அவளிடம் நல்ல மரியாதை.

புதன்கிழமை கணக்குப் பரீட்சை. வாய்ப்பாட்டை முதலிலிருந்து ஒப்பித்தால்தான் நீதிபதிக்கு வரும், நடுவில் கேட்டால் வராது. அவர் பாதியில் நிறுத்தி, பென்சிலைக் கடித்துக்கொண்டு, இடதுபக்கம் சாய்ந்தார்.

"ஏழெட்டு எத்தனைங்க அக்கா?"

ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது மயிலாத்தாளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். முப்பது வருடமாகக் கொக்கி எண்ணித் தைத்தவள். அவள் தன் விடைத்தாளை நீதிபதிக்குத் தெரியும்படி கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

"அறுவத்தி நாலுங்க," என்றாள்.

நீதிபதி அதைப் பரிசீலித்து, சொன்னவர் வயதில் மூத்தவர் என்பதால் ஏற்றுக்கொண்டு, எழுதினார்.