நழுவிய பூச்சியம்

சாய்ந்தமருது றுகையாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. கண் எப்படி ஏமாறுகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளில், முனை அம்புகள் வெளியே விரிந்த கோடு நீளமாகத் தெரியும். உள்ளே மடங்கியது குட்டையாகத் தெரியும். ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் தடித்த காகித மட்டைகளில் அவற்றைக் கீறி, இரண்டும் சமமாகத் தெரியும்வரை இழுக்கச் சொல்வாள். மட்டையின் பின்னால் ஒட்டிய மில்லிமீற்றர் தாள் பிழையைக் காட்டும்.

காரைதீவில் ஆள் சேர்த்துத் தந்தவள் கல்முனையில் கூடப் படித்த தங்கேஸ்வரி. அவள் முற்றத்துக்கு அயல் பெண்களெல்லாம் சிரித்துக்கொண்டு வந்து மட்டையை இழுத்துவிட்டுப் போனார்கள்.

எண்பத்தைந்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் வந்தது. ஊருக்கு ஊர் போக்குவரத்து நின்றது. தங்கேஸ்வரியின் வீடு எரிந்துவிட்டது என்ற செய்தி மட்டும் வந்தது.

வெளியே போக வழியற்ற அந்த நாட்களில் றுகையா கணக்கில் இறங்கினாள். கண் ஏமாறாவிட்டால் பிழைகளின் சராசரி பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். விலகல் தற்செயலானதா என்பதை ஒற்றை மாதிரி டி-சோதனை சொல்லும். அவளுக்கு வந்த பெறுமானம், அட்டவணை தற்செயலுக்கு விட்டிருந்த எல்லையை எங்கோ தாண்டி நின்றது. மனம் துள்ளியது, துள்ளியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் மட்டையைத் துடைக்கும்போது, பின்னால் ஒட்டிய தாள் பெருவிரலுக்குக் கீழே நகர்ந்தது. வெக்கையில் பசை இளகியிருந்தது. அடிமட்டத்தால் அளந்து கோடுகளைச் சரிசமமாக வைத்துப் பார்த்தாள். அப்போதும் தாள் பிழை காட்டியது. எந்தப் பெண்ணின் கையில் அது நழுவத் தொடங்கியது? இனி அறிய வழியில்லை.

"ஆருக்குப் புள்ள தெரியப்போகுது? குடுத்திட்டு வா" என்றார் தாய் ஆசியா உம்மா.

"சராசரி பூச்சியத்துல இருந்து விலகியிரிக்கா எண்டுதான் உம்மா கேள்வி. எனக்குப் பூச்சியமே எங்க இரிக்கெண்டு தெரியாது."

பஸ் ஓடத் தொடங்கியதும் புதிய மட்டை ஒன்றைச் செய்துகொண்டு, வீடிழந்த காரைதீவுச் சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தங்கேஸ்வரி விறாந்தை மூலையில் இருந்தாள், மெலிந்திருந்தாள். றுகையா பக்கத்தில் போய் இருந்தாள். மட்டை பைக்குள்ளேயே கிடந்தது.

முன்பு முற்றத்தில் சிரித்தவர்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். "உங்கட ஆக்கள் செஞ்சது காணாதா? இன்னும் எங்களிட்ட என்னத்த அளக்க வந்தநீ?"

றுகையா தோழியைப் பார்த்தாள். 'அவளை ஒண்டும் சொல்லாதங்க' என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். தங்கேஸ்வரி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"போ றுகையா" என்றாள் கடைசியில். "இனி வராத."

றுகையா விரிவுரையாளரிடம் தாள் நழுவியதைச் சொன்னாள். ஆய்வைப் புதிதாகச் செய்ய ஒரு வருடம் தந்தார்கள். அந்த வருடம் முழுக்க அவள் ஒருவரிடமும் மட்டையை நீட்டவில்லை. பட்டம் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்த சனம் கலைந்து போனது. தங்கேஸ்வரி எங்கே போனாள் என்று விசாரிக்கக் காரைதீவில் றுகையாவுக்கு ஒரு முகமும் மிஞ்சவில்லை.